பதினெட்டாவது குச்சி

அடி விழுந்தது மோவாயில்.
முறிந்தது காதோரம், இரண்டு பக்கமும்.
அர்வைஹேர் மருத்துவமனையில் மோவாய்க்கு ஐந்து தையல்.
காதோரத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.
துமென்பயருக்கு அப்போது வயது ஏழு.
அவன் குதிரை நாலாவதாக வந்ததாம்,
அவன் இல்லாமலே.

பதினோரு வருடம் கழித்து
உலான்பாத்தரில் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.
வாயைத் திற என்கிறேன்.
திறந்துதான் இருக்கிறது என்கிறான், பல்லிடுக்கில்.
மூன்று மில்லிமீட்டர்.

கூட வந்த அப்பா கான்ஜூர் சொல்கிறார்:
கறியைச் சீவிச் சீவி நூலாக்கி சூப்பில் போடுவோம்,
பல் விழுந்த ஓட்டை வழியாக உறிஞ்சுவான்.
அன்றைக்கு நான் பின்னாலேயே ஜீப்பில் வந்தேன், டாக்டர்,
ஒரு சத்தம் போடவில்லை.
வலித்திருந்தால் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டானா?
பையன் ஜன்னலைப் பார்த்தான்.
நிலக்கரிப் புகை. ஒரு கிரேன். மைனஸ் இருபத்தாறு.

நான் தூங்க வைப்பவள்.
எல்லாருக்கும் வாய் வழியே குழாய்;
இவனுக்கு வாசல் பூட்டியிருக்கிறது.
விழித்திருக்கும்போதே, மூக்கு வழியாக,
நுனியில் கேமரா வைத்த கறுப்புக் கயிற்றை
அவன் மூச்சின் பின்னாலேயே அனுப்பினேன்.
இழு. விடு. இழு.
இருமினான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.
கையை மட்டும் அசைக்கவில்லை.
திரையில் குரல்நாண்கள் விரிந்தன,
ஈரமாய், வெள்ளையாய்,
ஒரு பழுதும் இல்லாமல்.

பிறகு செவெல்மா கத்தியை எடுத்தாள்.
காதுக்கு முன்னால், மயிர் தொடங்கும் இடத்தில்.
நெற்றியைச் சுருக்கும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது;
தவறினால் அவன் இனி ஒற்றைப் புருவத்தால்தான் வியப்பான்.
அதை மெல்ல ஒதுக்கினாள்.
உள்ளே மூட்டு என்று ஒன்று இல்லை.
தாடை எங்கே முடிகிறது,
மண்டையோடு எங்கே தொடங்குகிறது,
தெரியாதபடி ஒரே கல்லாய் இறுகியிருந்தது.
முறிந்த எலும்பு சேரத்தான் பார்க்கும்.
யாரோடு சேர்வது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

டிரில். எலும்பு கருகும் வாசனை. அதன்மேல் உப்புத்தண்ணீர்.
வலப்பக்கம் இரண்டரை மணி நேரம், இடப்பக்கம் மூன்று.
வெட்டி எடுத்த இடைவெளி திரும்ப மூடாமலிருக்க
பொட்டுத்தசையில் ஒரு மடிப்பை இறக்கி
நடுவில் மெத்தை போட்டாள்.
பிறகு இரண்டு கட்டைவிரலால் கீழ்த்தாடையை அழுத்தினாள்.
இறங்கியது.
செவிலி ஒயுன்தெல்கெர் குனிந்து அவன் நாக்கைப் பார்த்து
அட, என்றாள்,
வீட்டுக்கு யாரோ வந்ததுபோல.
கடைவாய்ப் பற்கள் நான்கும் கரி.

முடிந்தது என்று நினைத்தால் இதுதான் ஆரம்பம்.
ஒரு நாளைக்கு ஆறு தடவை
மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருக வேண்டும்.
சோம்பினால் கல் மறுபடி வளரும்.
பல்லைக் கடித்துக்கொண்டு செய் என்று சொல்ல வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள்.
குச்சி செருகுவது கான்ஜூர். பதினேழு போயிருந்தது.
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்றார்.
குதிரையை விரட்டியதும் இதே குரலாக இருக்கலாம்.
பதினெட்டாவது நுழைந்தபோது
துமென்பயர் கத்தினான்.
வார்டு முழுக்கத் திரும்பியது.
குச்சிகள் கட்டிலுக்கு அடியில் சிதறின.

முழங்காலிட்டுப் பொறுக்கியவர்
நிமிராமலே கேட்டார்:
அன்றைக்கும் இப்படித்தான் வலித்ததா?

அன்றைக்கும் கத்தினேன், என்றான்.
ஜீப்பில் கண்ணாடி ஏற்றியிருந்தது.

அவர் குச்சிகளைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்,
ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும்.
துடைத்தால் போதாது, கழுவ வேண்டும் என்று
சொல்ல வேண்டியவள் நான்தான்.
சொல்லவில்லை.
உறை பிரிக்காத புதுக் கட்டு ஒன்றை மேசையில் வைத்தேன்.
துமென்பயர் கையை நீட்டி அதைத் தானே பிரித்தான்.
ஒன்று, என்றான்.